மாநகராட்சி கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியுமா? வரி ஏறும் முன் கிடைக்கும் 30 நாள்: திண்டுக்கல் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

திண்டுக்கல்,

மாநகராட்சி கூட்டம் என்றாலே சத்தம், சலசலப்பு, வெளிநடப்பு என்றுதான் செய்தி வருகிறது. காலிக்குடத்தோடு வந்த கவுன்சிலர் தரையில் உட்கார்ந்து தர்ணா செய்தால் அது போட்டோவோடு வரும். அதே கூட்டத்தில் நிறைவேறிய 40, 50 தீர்மானங்கள் ஒரே வரியில் முடிந்துவிடும். வீட்டு வரி ரசீதைப் பார்த்த பிறகுதான் "இதை எப்போ ஏத்துனாங்க?" என்று ஜனங்கள் கேட்கிறார்கள்.

ஏற்றியது ரகசியமாக அல்ல. கூட்டம் போட்டு, தீர்மானம் படித்து, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்துத்தான் ஏற்றுகிறார்கள். அந்த அறிவிப்பு எங்கே வருகிறது, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதுதான் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

சேர்மன் மேயர் ஆன கதை

திண்டுக்கல் 1866-ம் ஆண்டிலேயே நகராட்சி ஆன ஊர். 2014-ம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அதுவரை சேர்மன் என்று கூப்பிட்டவரை மேயர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நகர்மன்றம், மாமன்றம் ஆனது. வார்டுகள் 48. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்புப்படி நகருக்குள் இருந்தவர்கள் 2 லட்சத்து 7 ஆயிரத்து சொச்சம் பேர்.

கடைசியாக 2022 பிப்ரவரி 19-ந் தேதி வார்டு தேர்தல் நடந்தது. மார்ச் 4-ந் தேதி கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்ட மறைமுகத் தேர்தலில் இளமதி மேயராகவும், ராஜப்பா துணை மேயராகவும் வந்தார்கள். மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தங்கள் வார்டு கவுன்சிலருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஆகவே சாக்கடை அடைப்பா, தெருவிளக்கா, முதலில் கேட்க வேண்டிய ஆள் அவர்தான். 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய், மேயருக்கு 30 ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் தர அரசு உத்தரவிட்டது. போய்க் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

"ஆல் பாஸ்"

கூட்டத்துக்கு முன்னாடியே கவுன்சிலர்கள் வீட்டுக்கு அஜெண்டா போய்விடும். பொருள் எண் 1, பொருள் எண் 2 என்று வரிசையாக இருக்கும். பொருளைத் தயார் செய்து வைப்பது கமிஷனர் தலைமையிலான அதிகாரிகள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வது மாமன்றம். தீர்மானம் ஆனதை நடத்திக் காட்ட வேண்டியது மறுபடியும் கமிஷனர்.

பொருள்களில் முக்கால்வாசி வழக்கமான சமாச்சாரம்தான். உடைந்த குடிநீர் குழாயை மாற்றியது, மோட்டார் ரிப்பேர், குப்பை வண்டிக்கு உதிரிபாகம், மாநகராட்சி கடைகளை ஏலம் விட்டது, டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை கொடுத்தது என்று போகும். அவசரம் என்று முதலிலேயே வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குவதும் உண்டு. அதற்கு "பின்னேற்பு" என்று பெயர். ஒரு அஜெண்டாவில் பின்னேற்பு பொருள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே அந்த மாநகராட்சி எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். வேலை முடிந்து பில்லும் தயார் ஆனபிறகு "வேண்டாம்" என்று சொல்ல எந்தக் கவுன்சிலருக்கும் வழி இல்லை.

ஒவ்வொரு பொருளாகப் படித்து விவாதம் நடத்த நேரம் இருக்காது. எண்ணை மட்டும் படிப்பார்கள். ஆளுங்கட்சி பக்கமிருந்து "ஆல் பாஸ்" என்று குரல் வரும். எதிர்க்கட்சி கவுன்சிலர் எழுந்து கத்துவார். மைக் போகும், வரும். கடைசியில் எல்லாத் தீர்மானமும் நிறைவேறியதாக அறிவிப்பு. இது திண்டுக்கல்லுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் எந்த நகராட்சிக்குப் போனாலும் இதே காட்சிதான், எந்தக் கட்சி ஆண்டாலும்.

உண்மையான சண்டை தண்ணீரில்தான் வரும். ஆத்தூர் காமராஜர் அணை, வைகை பேரணை, காவிரி கூட்டுக் குடிநீர் திட்டம் என்று மூன்று பக்கத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வருகிறது. மலையில் மழை பொய்த்து அணை வற்றினால், அடுத்த கூட்டத்தில் கட்சி பேதமே இருக்காது. ஆளுங்கட்சி கவுன்சிலரும் சேர்ந்து கத்துவார். அடுத்தபடியாகப் பழனி ரோடு முருகபவனம் குப்பைக் கிடங்கு.

வேடிக்கை பார்க்கலாம், பேச முடியாது

திண்டுக்கல் நகராட்சியாக இருந்தபோது பொருந்திய 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி இருந்தது. வெளியே போகச் சொல்ல வேண்டுமானால் தலைவர் அதற்குக் காரணத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதாவது 48 பேருக்கு 16 பேர்.

ஆனால் திறந்த கதவு என்பது பார்ப்பதற்குத்தான். பேசுவதற்கு இல்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் நகர சபைக் கூட்டத்தில் ஜனங்களுக்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். பேரைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம் மைக்கில் பேசலாம். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. கவுன்சிலரும், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லும் அதிகாரியும்தான் பேசுவார்கள். கேலரியிலிருந்து யாராவது எழுந்து கேள்வி கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சரி, அப்போ ஜனங்க குறையை எங்கேதான் சொல்றது? இரண்டு இடம் இருக்கிறது. இரண்டுமே மன்ற மண்டபத்துக்கு வெளியே.

வரி ஏறும் முன் 30 நாள்

2022 மார்ச் கடைசியில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்த ஆணை போட்டது. சென்னைக்குத் தனிக் கணக்கு. மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100 சதவீதம்.

உதாரணத்துக்கு, 550 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவருக்கு 500 ரூபாய் ஆகும். 1,150 சதுர அடி வீட்டுக்கு 800 ரூபாய் கட்டியவருக்கு 1,200 ரூபாய். வருஷத்துக்குப் பார்த்தால் இவருக்கு 800 ரூபாய் கூடுதல். சொந்தக்காரர் அதை வாடகையில் ஏற்றுவார். வாடகை வீட்டில் இருக்கும் பூட்டுத் தொழிலாளி தலையிலும் கடைசியில் வந்து விழும்.

அரசு ஆணை போட்டாலும் அது அப்படியே அமலுக்கு வந்துவிடாது. மன்றம் தீர்மானம் போட வேண்டும். பிறகு அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். வந்த மனுக்களைப் பரிசீலித்து மறுபடி மன்றத்தில் வைத்து இறுதித் தீர்மானம். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க மன்றங்களில் இந்தத் தீர்மானம் வந்தபோது எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தெருவில் ஆர்ப்பாட்டம் நடத்தின.

எழுதிக் கொடுத்தால் மட்டும் குறைந்துவிடுமா என்று கேட்கலாம். சதவீதத்தைக் குறைப்பது கஷ்டம்தான். சொத்து வரியை ஏற்றினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. டெல்லி பணத்தை நிறுத்தினால் மாநகராட்சியில் சம்பளத்துக்கே தாளம் போடும். ஆகவே அந்த விஷயத்தில் மன்றத்தின் கை பாதி கட்டப்பட்டதுதான்.

ஆனால் தன் வீட்டுக் கணக்கு வேறு விஷயம். 590 சதுர அடி வீட்டை மாநகராட்சி கணக்கில் 620 என்று எழுதி இருந்தால் 25 சதவீதம் ஏற வேண்டியது 50 சதவீதம் ஏறிவிடும். இடித்துவிட்ட தகரக் கொட்டகை இன்னும் கணக்கில் இருக்கலாம். குடியிருக்கும் வீடு கடை என்று பதிவாகி இருக்கலாம். ஆட்சேப மனுவில் "வரி அதிகம், குறைக்கவும்" என்று மட்டும் எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். வரி விதிப்பு எண், பழைய ரசீது நகல், அளந்த அளவு மூன்றையும் சேர்த்து எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது. அது இல்லாவிட்டால் மனு கொடுத்ததே இல்லை என்று ஆகிவிடும்.

மன்றமே இல்லாத காலம்

கூட்டத்தில் கத்துவதால் என்ன பிரயோஜனம் என்று நினைப்பவர்கள் 2016 முதல் 2022 வரை நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அந்த மாதத்தோடு பழைய கவுன்சிலர்களின் பதவிக் காலமும் முடிந்தது. அப்புறம் 5 ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தீர்மானம் வைப்பதும் அதிகாரி, நிறைவேற்றுவதும் அதே அதிகாரி.

அந்தச் சமயத்தில்தான் 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, கடைகளுக்கு 100 சதவீதம் வரை வரி ஏறியது. எழுந்து நின்று கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. கடைசியில் 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்த நேரத்தில், அரசே அதை நிறுத்தி வைத்தது. தேர்தல் வருகிறது என்றால் வரி இறங்குகிறது. அதற்கு மேல் விளக்கம் தேவை இல்லை.

கிராம சபை மாதிரி நகரத்துக்கும்

இரண்டாவது இடம், பகுதி சபை. நத்தம் பக்கமோ சாணார்பட்டி பக்கமோ கிராமத்தில் இருப்பவர்களுக்கு கிராம சபை பழக்கமானது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி சொல்வார்கள். டவுனுக்குள் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இல்லாமலே இருந்தது. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு கமிட்டி கட்டாயம் என்றது. திண்டுக்கல் அந்தக் கணக்கில் வராது.

2022-ல் தமிழக அரசு கொண்டு வந்த விதிகள் சின்ன ஊர்களுக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபை இரண்டையும் கொடுத்தன. ஒரு வார்டை சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் சபை உறுப்பினர்தான். கவுன்சிலர் வந்து உட்கார வேண்டும், அதிகாரி இருக்க வேண்டும், பேசியதை எழுத வேண்டும். 2022 நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தில் முதல் முறையாக நடந்தது. அன்று தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினே போனார்.

விதியில் ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று தேதி குறித்திருக்கிறார்கள். விதியில் இருப்பது வேறு, தெருவில் நடப்பது வேறு. பல ஊர்களில் பத்து பேரை உட்கார வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள் என்ற புகார் இருக்கிறது. பகுதி சபை எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் முன்னாடியே கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நாகல் நகரோ, பேகம்பூரோ, மேற்கு கோவிந்தாபுரமோ, அந்தந்தத் தெருக்காரர்கள் 30 பேர் சேர்ந்து போனால், பேசாமல் போட்டோ மட்டும் எடுத்துவிட்டுப் போக முடியாது. மன்றத்தில் வாய் திறக்க முடியாத ஆள் இங்கே எழுந்து நின்று பேசலாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். போகலாம், தப்பில்லை. ஆனால் மாநகராட்சி விவகாரம் என்றால் அந்த மனு சுற்றிக்கொண்டு மறுபடி மாநகராட்சிக்குத்தான் வந்து சேரும்.

10 ரூபாய் ஸ்டாம்ப்

தங்கள் தெருவுக்குக் கால்வாய் போட்டதாகத் தீர்மானம் இருக்கிறதா, எவ்வளவு தொகை என்று பார்க்க வேண்டுமா? 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கூட்டம் நடந்த தேதி, பொருள் எண் தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் வார்டு எண், தெரு பெயர், எந்த மாதம் என்பதையும் குறிப்பிட்டு "மாமன்ற தீர்மான நகல்" என்று கேட்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டணம் உண்டு.

வரி கட்டுபவர்களுக்கு இன்னொரு தகவல். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5 ஆயிரம் ரூபாய் வரை ஊக்கத்தொகை என்பது 2023-ல் வந்த விதிகளில் இருக்கிறது. அளவு தப்பு என்று மனு கொடுத்தவர்களும் பழைய பாக்கியை வைக்காமல் கட்டிவிட்டு, ரசீதை மனுவோடு பின் பண்ணி வைத்துக்கொள்வது நல்லது. பாக்கி நின்றால் மாதாமாதம் வட்டி ஏறும்.