ஆறு ஏறுதா, சென்சார் பொய் சொல்லுதா?

அடைமழை இரவுகளில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் இருப்பவர்கள் கைப்பேசியில் பார்ப்பது சிலாங்கூர் ஆற்றின் நீர்மட்டத்தை. வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்-இன் இணையத்தளத்தில் அது எண்ணாக வரும்.

அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? கருவியில் குப்பை சிக்கினால் அளவு தாவும். சரி, மழையை வைத்து கணினி போடும் கணிப்பு? அதிலும் பிழை உண்டு. இரண்டுமே அரைகுறை சாட்சிகள்.

இந்தச் சிக்கலுக்கு 1960-இல் வழி சொன்னவர் ருடால்ஃப் கால்மான். அவருடைய ‘கால்மான் ஃபில்டர்’ அப்போலோ விண்கலங்களுக்கே வழிகாட்ட உதவியது.

கணக்கு ரொம்ப எளிது. கணிப்பு 5.0 மீட்டர், சென்சார் 5.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.6. சென்சாரைக் கால் பங்கு நம்பினால் 0.15 சேரும், விடை 5.15 மீட்டர். அந்தக் கால் பங்குக்குப் பெயர் ‘கால்மான் கெயின்’. புது அளவு வரும்போதெல்லாம் இதே கணக்கு மறுபடி ஓடும்.

ஆனால், எதில் எவ்வளவு பிழை என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தப் பங்கைச் சரியாகப் போட முடியும். நம்ம ஆறு அவ்வளவு சாதுவா என்ன? கோல குபு பாரு மலைப்பக்கம் கொட்டிய மழை கீழே வந்து சேரும் நேரத்தில், கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் கடல் ஏறியிருந்தால் தண்ணீர் வெளியேறத் தடுமாறும்.

இங்கேதான் நியூரல் நெட்வொர்க் வருகிறது. 2022-இல் வெளியான ‘கால்மான்நெட்’ ஆய்வு, பழைய கணக்கின் கட்டமைப்பைத் தொடவில்லை. கெயினை மட்டும் பழைய தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு சிறிய நெட்வொர்க்கிடம் விட்டது. சோதித்தது ஆற்றில் அல்ல, ரோபோவின் பயணத் தரவு போன்றவற்றில்.

எல்லாவற்றையும் ஏஐ-யிடமே கொடுத்துவிட்டால் என்ன? அது பார்த்துப் பழகியதைத்தான் நன்றாகச் செய்யும். சிலாங்கூரை மூழ்கடித்த 2021 டிசம்பர் மழை மாதிரி ஒன்று அதன் பாடத்தில் இல்லாவிட்டால், கண்டபடி விடை சொல்லலாம். கலப்பு முறையில் ஆற்றின் இயற்பியல் கூடவே நின்று ஓரளவு பிடித்து வைக்கும்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. கால்மான் கணக்கு விடையோடு, அது எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்லும். கால்மான்நெட்டின் முதல் வடிவம் அதை நேரடியாகத் தருவதில்லை. 5.15 மீட்டர் என்பது ஒன்று, 5.15, பத்து சென்டிமீட்டர் முன்னே பின்னே என்பது வேறு. தோட்டத்துக் குடும்பங்களை நள்ளிரவில் எழுப்பி மண்டபத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் அதிகாரிக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.