பொழிச்சலூர் பக்கத்தையே ஒரு நவாப் எழுதிக் கொடுத்தார், தெரியுமா?

பொழிச்சலூர், பம்மல், பல்லாவரம், தாம்பரம்… விமானங்கள் மொட்டைமாடியை உரசுவதுபோல் இறங்கும் இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் வியாபாரக் கம்பெனி ஒன்றின் ஜாகீர், அதாவது வரி வசூலித்துக்கொள்ள எழுதிக் கொடுத்த சீமை! ஒரு ராஜா கையெழுத்துப் போட்டால் ஊர் ஊராகக் கை மாறிய காலம் அது. அந்த அதிசயங்கள் ஒவ்வொன்றாக இதோ!

ராணி கொடுத்ததில் ஒரு குழி நிலமும் இல்லை, தெரியுமா?

1600 டிசம்பர் 31. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், லண்டன் வியாபாரிகள் இருநூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே, மகெல்லன் ஜலசந்தி வரைக்கும் அவர்கள் மட்டுமே வியாபாரம் செய்யலாம். தவணை 15 வருஷம். பாதி உலகத்தின் வியாபாரம் ஒரே தாளில்! ஆனால் நம் கரையில் காலூன்ற மண் வேண்டுமே? அதை இங்கே இருந்தவர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு முதல் கவுல் கொடுத்தவர் யார், தெரியுமா?

தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்! விஜயநகர அரசின் கீழ் இந்தக் கரையை ஆண்டவர். கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே கேட்க, 1639 ஆகஸ்டில் கவுல், அதாவது உரிமைப் பத்திரம், கிடைத்தது. கோட்டை கட்டலாம். சொந்தமாக நாணயம் அடிக்கலாம். கோட்டை எழுந்தபின் இரண்டு வருஷம் மதராசபட்டினத்தைக் கம்பெனியே நிர்வகிக்கலாம். அதன்பின் சுங்கத்திலும் வருமானத்திலும் சரிபாதி. ஒரு மீன்பிடி கிராமத்துக்கு எழுதிய அந்தக் கவுலிலிருந்துதான் இன்றைய மாநகரம் முளைத்தது!

பம்பாய்க்கு வருஷ வாடகை வெறும் 10 பவுண்டு, தெரியுமா?

போர்ச்சுகீசிய இளவரசி கேத்தரினைக் கல்யாணம் செய்த இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாக வந்தது பம்பாய். 1668-ல் அதை அப்படியே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். வாடகை, வருஷத்துக்கு 10 பவுண்டு, தங்கமாக!

வாடகைக்குப் பதில் தோலும் அம்பும், தெரியுமா?

அமெரிக்காவில் மேரிலாந்தை 1632-ல் கால்வர்ட் குடும்பத்துக்குக் கொடுத்த இங்கிலாந்து ராஜா கேட்டது, வருஷம் இரண்டு அம்புகள். 1681-ல் பென்சில்வேனியாவைப் பெற்ற வில்லியம் பென் கொடுக்க வேண்டியது, இரண்டு பீவர் தோல்கள். 1670-ல் ஹட்சன் வளைகுடாக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த சீமையோ சுமார் 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியாவைவிடப் பெரிது! அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள், தங்கள் காடு கை மாறிய செய்தியே அறியாதவர்கள்.

சென்னை மாநகராட்சியும் ஒரு பட்டயத்தின் பிள்ளை, தெரியுமா?

1687 டிசம்பர் 30 தேதியிட்ட பட்டயத்தின்படி மெட்ராஸுக்கு மேயரும் ஆல்டர்மேன்களும் வந்தார்கள். 1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். பம்மலும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது 2021-ல்தான். நடுவே 333 வருஷம்!

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்!

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளில் கம்பெனியின் உதவியால் பதவியைக் காப்பாற்றிக்கொண்டவர். சண்டைச் செலவோ மலைபோல் ஏறிவிட்டது. 1763-ல் மெட்ராஸைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765-ல் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் ஃபர்மான், அதாவது அரசாணை, அதை உறுதி செய்தது. இதைவிட அதிசயம் ஒன்று: கொடுத்த நவாபே அந்தச் சீமையைக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து, 1780 வரை வரி வசூலித்தார்! தன் நாட்டுக்குத் தானே குத்தகைக்காரர்!

ஊர் ஊராக எண்ணியது யார், தெரியுமா?

தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர். 1767 முதல் 1774 வரை அவர் தலைமையில் ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை. களத்துமேட்டில் நெல் குவிந்ததும் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு… அத்தனையும் கணக்கில் ஏறியது. நாட்டை ஆள ஊர்க்கணக்குதான் சாவி என்று கம்பெனி கண்டுகொண்டது!

லண்டன் பட்டயம் கப்பலை அனுப்பியது. மண்ணைக் கொடுத்தது நாயக்கரின் கவுலும் நவாபின் ஜாகீர்ப் பத்திரமும். இரண்டும் சேர்ந்ததில்தான் வியாபாரி ராஜாவானான். அந்தக் கம்பெனி 1874-ல் கலைந்தே போனது. 1670 முதலான அதன் மெட்ராஸ் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இத்தனை ராஜாக்கள் இத்தனை கையெழுத்துப் போட்டார்களே, ஏரிக்கரையில் உழுதுகொண்டிருந்த குடியானவரிடம் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டாரா? நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்!