ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்கள் ஏன்?

பியானோவில் ஏ, பி என்னும் இரு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டை உண்டு. அதை ஏ ஷார்ப் என்றும் சொல்வர். பி ஃபிளாட் என்றும் சொல்வர். ஒரே ஒலிக்கு இரண்டு பெயர்கள் எதற்கு?

முதலில் ஒலியைக் கவனிப்போம். ஏ சுரம் விநாடிக்கு 440 முறை அதிர்கிறது. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரு மடங்காகும். இந்த ஏற்றத்தைப் பியானோவில் 12 சமப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். படிக்குப் படி 1.0595 மடங்கு. ஷார்ப் குறி ஒரு படி ஏற்றும். எனவே ஏ ஷார்ப் சுமார் 466. ஃபிளாட் குறி ஒரு படி இறக்கும். பி-யின் அதிர்வெண் சுமார் 494; அதை 1.0595-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 466 தான்!

அப்படியானால் இரு பெயர்கள் வீண்தானா? இல்லை. எஃப் மேஜர் வரிசையை எழுதுவோம்: எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி, டி, ஈ. ஏழு சுரங்கள், ஏழு எழுத்துகள். ஐந்து கோடுகளில் இசையை எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் கிடைக்கிறது. பி ஃபிளாட்டை ஏ ஷார்ப் என்று எழுதினால், ஏ-யின் இடத்தில் இரு சுரங்கள் நெருக்கும்; பி-யின் இடம் காலியாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இடையில் இட்ட ஷார்ப், அடுத்த குத்துக்கோடு வரை அவ்விடத்துச் சுரங்களையெல்லாம் ஏற்றும். பழைய ஏ மீண்டும் வேண்டுமானால் நேச்சுரல் குறி இட வேண்டும். தாள் முழுவதும் குறிகளாகவே நிறைந்துவிடும்!

ஆக, அதிர்வெண் சுரத்தின் ஒலியைச் சொல்கிறது. பெயரோ வரிசையில் அதன் இடத்தைச் சொல்கிறது. ஜி மேஜரில் எஃப் ஷார்ப்பை ஏன் ஜி ஃபிளாட் என்று எழுதுவதில்லை? நீங்களே எழுதிப் பாருங்கள்.