எதிர்ப்பொருள் இருந்தும் நோய் ஏன் விலகவில்லை?

எச்.ஐ.வி. பரிசோதனையின் முடிவைப் பெற்றுக்கொள்பவர்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. 'இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறது என்கிறீர்கள். தட்டம்மை வந்தவருக்கு எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டால் மறுமுறை அந்நோய் வருவதில்லையே! அப்படியானால் இது நல்ல செய்திதானே?' மிகவும் நியாயமான கேள்வி. உலகெங்கும் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாக விடை தேடிவரும் கேள்வியும் இதுவே.

இந்தியாவில் இந்நோய் கண்டறியப்பட்டதே எதிர்ப்பொருளின் துணையால்தான். 1985-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதனை ஆய்வுப் பொருளாக ஒப்படைத்தார். சென்னையில் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைப் பரிசோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். சென்னைக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கும் நம் காஞ்சியில் அன்று எவரும் இந்நோயின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வேலூரில் எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. பின்னர் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்னும் சோதனையால் அம்முடிவு உறுதி செய்யப்பட்டது. இந்தச் சோதனையில், வைரஸின் புரதங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டு ஒரு தாளின்மேல் பரப்பப்படும். எந்தப் புரதத்துக்கு எதிராக நம் உடல் எதிர்ப்பொருளைச் செய்திருக்கிறதோ, அவ்விடத்தில் ஒரு கோடு தோன்றும். அந்தக் கோடுகளில் முக்கியமானவை ஜி.பி.120, ஜி.பி.41 என்னும் மேற்பரப்புப் புரதங்களுக்கு உரியவை.

எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று அவ்வாறு செய்ய இயலாது. அதற்கான சட்டத்தைப் பின்னர்க் காண்போம்.

எச்.ஐ.வி. மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 10,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அதன் மேற்பரப்பில் முள் போன்ற புரதக் கூட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முள்ளும் மூன்று ஜி.பி.120 புரதங்களும் மூன்று ஜி.பி.41 புரதங்களும் சேர்ந்து அமைந்தது. ஜி.பி.120 நம் வெள்ளையணுக்களில் ஒரு வகையின் மேலுள்ள சி.டி.4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றியவுடன் அதன் உருவம் மாறி, இரண்டாவதாக ஒரு கொக்கியையும் பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஜி.பி.41 அணுவின் உறையைத் துளைக்க, வைரஸின் சரக்கு உள்ளே இறங்குகிறது.

உடல் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதில்லை. தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே, நோயுற்ற அணுக்களைத் தேடி அழிக்கும் சி.டி.8 வெள்ளையணுக்கள் பெருகி, வைரஸின் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்துவிடுகின்றன. எதிர்ப்பொருள்களும் உருவாகின்றன. ஆயினும் முதலில் தோன்றுபவை வைரஸின்மேல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, அதனைச் செயலிழக்கச் செய்வதில்லை. வைரஸ் வந்துவிட்டது என்பதற்கு அவை சாட்சி, காவல் அல்ல.

காரணம் அந்த முட்களிலேயே இருக்கிறது. ஜி.பி.120-இன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை மூலக்கூறுகள். அவை நம் அணுக்களே செய்துதருபவை. ஆகவே எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பெரும்பாலும் தன்னுடையவை என்றே கருதுகிறது. முட்களும் குறைவு: ஒரு வைரஸின்மேல் சராசரியாக 14 அளவில்தான். இன்ஃப்ளூயன்சா வைரஸில் சில நூறு இருக்கும். இரண்டு கைகள் உடைய எதிர்ப்பொருள், அடுத்தடுத்த இரு முட்களை ஒருசேரப் பற்றுவது இங்கே கடினம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தந்திரம், வைரஸ் தன் உருவை ஓயாமல் மாற்றிக்கொள்வது. நெசவுத் தெருவில் வாழ்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புதிய புட்டா ஒன்றுக்கு ஜக்கார்டு அட்டைகளில் துளையிட்டு, கோத்து, பெட்டியில் ஏற்ற நாள்கள் ஆகின்றன. ஏற்றி முடிக்கும் வேளையில் கடைக்காரர் வந்து, அந்தப் புட்டா வேண்டாம், வேறு போடுங்கள் என்றால் என்ன ஆகும்? எதிர்ப்பு மண்டலத்தின் நிலை இதுதான். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் சில மாதங்களில் ஆயத்தமாகும்போது, வைரஸின் மேற்பரப்பு வேறாகியிருக்கும். பல வகை எச்.ஐ.வி.க்களையும் தடுக்கவல்ல எதிர்ப்பொருள் சிலருக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகள் கழித்தே, உண்டாகிறது. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்ட, ஜி.பி.120-ஐ உள்ளடக்கிய தடுப்பூசித் திட்டம், 2009-இல் வெளியான முடிவின்படி, சுமார் 31 விழுக்காடு பாதுகாப்பே தந்தது. சென்னையிலும் 2006-இல் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை நடந்தது. பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்னும் இல்லை.

இதிலிருந்து குடும்பங்கள் அறிய வேண்டியவை சில. தொற்று ஏற்பட்ட உடனே எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை. ஆகவே முதற் சோதனையில் 'இல்லை' என வந்தாலும், ஐயமிருப்பின் மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால், அவருடைய எதிர்ப்பொருள் பிறக்கும் குழந்தையின் இரத்தத்திலும் இருக்கும். 18 மாதம் வரைகூட நீடிக்கும். அதைக் கண்டு குழந்தைக்கும் நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆறாவது வாரத்தில் வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனை செய்யப்படுகிறது. சிகிச்சை ஏதுமின்றி இருந்தால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையாக மருந்து உண்ணும் தாய்க்கு அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது.

உடல் தனியே வெல்ல முடியாத இந்தப் போரில் மருந்துதான் துணை. கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது; சி.டி.4 அணுக்கள் மெல்லத் தேறுகின்றன. அவற்றின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போகும்போது காசநோய் முதலியவை மேலும் எளிதில் பற்றுகின்றன. எனினும் வைரஸ் சில வெள்ளையணுக்களுக்குள் உறங்கிக் கிடப்பதால், மருந்தை நிறுத்தினால் வாரக்கணக்கில் திரும்பிவிடும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடுபவர்களைப் பற்றித்தான் மருத்துவர்களின் கவலையெல்லாம். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவு மூலம் இணையருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. தாம்பரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதற்கு முன் மருந்து விலைக்கு அஞ்சியவர்கள் இருந்தனர். இப்போது அச்சம் வேறு: தெருவில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் ஒப்புதலின்றிச் சோதிப்பதும், அவர் நிலையை வெளியிடுவதும், வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ அவரை ஒதுக்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.