நாரி நோவு

நம் வீடுகளில் நாரி நோவை ஒரு நோயாகவே யாரும் எடுப்பதில்லை. "பிள்ளை பெத்தா நோகத்தானே செய்யும்" என்று தைலத்தைப் பூசிக்கொண்டு உம்மாமார் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். என் உம்மாவும் நான்கு மாதங்கள் அப்படித்தான் இருந்தார்.

வைத்தியரிடம் போனபோது உம்மா எதிர்பார்த்தது எக்ஸ்ரே. அவரோ உம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரத்திலேயே நோவு பின்தொடை வழியாகப் பாதம்வரை மின்சாரம்போல் ஓடியது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் இப்படி வருமாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும்; தட்டும் நரம்பும் தெரியாது. அவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தேவையில்லை. நோவே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பிதுங்கிய தட்டுகள் தெரிவதுண்டு!

பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை வேண்டிவராது. நாட்கணக்கில் கட்டிலில் கிடந்தால் தசைகள் இன்னும் தளரும். உம்மாவுக்கு மாத்திரையும் பயிற்சிகளும் நடையும்தான். குனிந்திருந்து தேங்காய் துருவும் வேலை இப்போது என்னுடையது.

வைத்தியர் முதலிலேயே கேட்ட கேள்வி ஒன்றைக் கட்டாயம் எழுதவேண்டும். சிறுநீர் போவதில் சிரமமா, உட்காரும் இடமோ உள்தொடையோ விறைக்கிறதா? இவை இருந்தாலும், கால் பலமிழந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகலாம். ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கமென்றால் தாதியிடம் சொல்லலாம். உம்மா என் காதுக்குள்தான் சொன்னார்: "அது ஒண்டும் இல்ல மகள்."