கல்யாண விசிடியில் படம் ஏன் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது?

திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரச் சமவெளி ஊர்களிலும் 2000-களில் நடந்த திருமணங்களின் பதிவுகள் பல, விசிடி தட்டுகளாகவே வீடு வந்து சேர்ந்தன. 1993-இல் வரையறுக்கப்பட்ட விசிடி, எம்பெக்-1 என்னும் சுருக்கமுறையால், 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 25 ஃபிரேம் வீதம், நொடிக்கு 1150 கிலோபிட்டுக்குள் அடக்கி, ஏறத்தாழ 74 நிமிடக் காட்சியை ஒரே தட்டில் ஏற்றிவிடுகிறது. அக்காலக் காமிராவின் மினி டி.வி. (DV) கேசட்டில் இதே காட்சிக்கு நொடிக்கு ஏறக்குறைய 25 மெகாபிட் இடம் இருந்தது.

இச்சுருக்கத்தில் எல்லா ஃபிரேமும் முழுமையாக எழுதப்படுவதில்லை. ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப்படம் பதிவாக, இடைப்பட்டவற்றில் மாறிய பகுதிகள் மட்டுமே குறிக்கப்படுகின்றன. ஆதலால் தட்டின் ஒரு கீறல் அம்முழுப்படத்தைக் கெடுத்தால், அதை நம்பியிருக்கும் ஃபிரேம்கள் அனைத்தும் சிதறி, அடுத்த முழுப்படம் வந்ததும் காட்சி தானே தெளிந்துவிடும். மாறாக, கெட்டிமேளம் முழங்க எல்லாரும் அட்சதை தூவும் அந்தச் சில நொடிகளில் மட்டும், எந்தப் பிளேயரில் போட்டாலும் அதே இடத்தில் கட்டங்கள் எழுமானால், பிழை தட்டினுடையதன்று. திரையெங்கும் ஒரே சமயத்தில் அசையும் அரிசிமணிகளை எழுதிவைக்க அந்த 1150 கிலோபிட் போதவில்லை. முதல்வகைக் கோளாற்றுக்கு மருந்துண்டு, இரண்டாவதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் கடைகடையாக அலைவது வீண்.

விசிடி கீறலுக்கு எளிதில் இடங்கொடுப்பதற்கும் காரணமுண்டு. கணினித் தரவுக்கான சிடியில் உள்ள கூடுதல் பிழைதிருத்த அடுக்கை விட்டுக்கொடுத்தே, விசிடியின் ஒவ்வொரு பிரிவிலும் 2048-க்குப் பதிலாக 2324 பைட்டுகள் படத்திற்கென ஒதுக்கப்பட்டன. எனவே முதலில் தட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு, வேறொரு டிரைவிலும் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கும் திறன் டிரைவுக்கு டிரைவு மாறுபடும். கணினியில் '.டாட்' (.dat) என்று முடியும் விசிடியின் கோப்பு திறக்கவில்லையெனில் அது கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. விஎல்சி போன்ற பிளேயர் அதனை நேரடியாக ஓட்டும். நகலெடுக்கையில் வேறு வடிவத்திற்கு மறுசுருக்கம் செய்தால் எஞ்சிய விவரமும் குறையுமாதலால், விசிடிஎக்ஸ்ரிப் போன்ற நிரலைக் கொண்டு எம்பெக் கோப்பாகவே எடுத்துவைப்பது நலம்.

எழுதும் வகைச் சிடியின் சாயப்பூச்சு வெயிலாலும் வெப்பத்தாலும் மங்கக்கூடியது. முற்றிலும் மங்கிய தட்டை எந்த நிரலாலும் படிக்க இயலாது. வீட்டு அலமாரியில் கல்யாண விசிடி வைத்திருப்போர் அது இன்னும் ஓடும்போதே நகலெடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.