காத்தே இல்ல, அலை மட்டும் எப்படி வந்துச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரு சோகமான சம்பவத்துல இருந்து ஆரம்பிக்குது.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம், லெமூர் கடற்கரை. கடலுக்குள்ள இறங்கின மருத்துவ மாணவர்கள்ல 5 பேரை அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. 5 பேரும் இறந்துட்டாங்க. அன்னைக்கு அங்க புயல் எதுவும் இல்ல. அப்போ அந்த அலை எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல, அலை எப்படிப் பிறக்குதுன்னு பார்த்துடலாம். காத்து எப்பவும் ஒரே சீரா வீசாது. ஒரு இடத்துல கொஞ்சம் அழுத்தும், பக்கத்துல கொஞ்சம் விடும். அதுல தண்ணி மேல சின்னச் சின்னச் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்ததும் காத்துக்குத் தள்ள ஒரு மேடு கிடைச்சிடுது. மேட்டுக்குப் பின்னாடி அழுத்தம் அதிகம், முன்னாடி கம்மி. அதனால மேடு வளரும். வளர வளர காத்து இன்னும் நல்லாப் பிடிச்சுத் தள்ளும். முதல் சுருக்கம் எப்படி வருதுன்னு ஓவன் பிலிப்ஸும், அது எப்படி வளருதுன்னு ஜான் மைல்ஸும், ரெண்டு பேருமே 1957-ல விளக்கினாங்க.

அலை எவ்வளவு பெருசாகும்ங்கிறதை மூணு விஷயம் முடிவு பண்ணுது: காத்தோட வேகம், அது வீசுற நேரம், தடையில்லாம வீசுற தூரம். கோயில் குளத்துல எவ்வளவு காத்து அடிச்சாலும் ஆள் உயர அலை வராது. ஏன்னா, தூரம் பத்தாது. ஆனா அண்டார்டிகாவைச் சுத்தியிருக்கிற தென் கடல்ல காத்தைத் தடுக்க நிலமே கிட்டத்தட்ட இல்ல. ராட்சச அலைகள் உருவாக அதைவிட நல்ல இடம் கிடையாது.

முக்கியமான விஷயம் இனிமேதான். காத்து நின்னாலும் அலை நிக்காது. பயணம் பண்றது தண்ணி இல்ல, ஆற்றல். ஆழ்கடல்ல நிக்கிற படகு ஏறி இறங்குமே தவிர, அலையோட கரைக்கு வந்துடாது.

ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 18 நொடி இடைவெளின்னு வெச்சுக்கோங்க. அந்த ஆற்றல் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துல நகரும். ஒரு நாளைக்கு 1,200, அஞ்சு நாள்ல 6,000 கிலோமீட்டர்! 1963-ல வால்டர் மங்க் குழு, தென் கடல் புயல்கள்ல பிறந்த அலைகளை பசிபிக் முழுக்கத் துரத்தி, அலாஸ்கா வரைக்கும் அளந்து காட்டினாங்க.

ஆழ்கடல்ல இந்த அலை நீளமா, தாழ்வா இருக்கும், கண்ணுக்கே பெருசாத் தெரியாது. கரைகிட்ட ஆழம் குறையும்போது வேகம் குறைஞ்சு உயரம் ஏறும். சத்தமில்லாம வந்து தாக்குறதாலதான் கேரள மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்'னு சொல்றாங்க.

ஆனா இந்தத் திருடன் கிளம்பினது நமக்கு முன்னாடியே தெரியும். தென் கடல்ல எப்போ, எவ்வளவு காத்து அடிச்சுதுன்னு தெரிஞ்சா, அலை வந்து சேர்ற நேரத்தைக் கணக்குப் போடலாம். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அதைத்தான் பண்ணுது. லெமூர் சம்பவத்துக்கு முன்னாடியும் எச்சரிக்கை வந்திருந்துச்சு.

அதனால, அடுத்த தடவை பீச்சுக்குக் கிளம்புறப்போ வானத்தை மட்டும் பார்க்காதீங்க. கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கான்னும் பாருங்க. இருந்தா, கடல் எவ்வளவு அமைதியாத் தெரிஞ்சாலும் மணல்லயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுட்டு வந்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!